ஈ ஓட்டும் நேரம்

வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் கடைக்காரரை ‘ஈ ஓட்டுகிறார்’ என்று சொல்வது நம் வழக்கம். சொல்பவருக்கு அது வேடிக்கை, கேட்பவருக்குக் கூச்சம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் என் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். பள்ளியில் படிக்கும்போது யாராவது “என்னடே, உங்கப்பா கடையில ஈ ஓட்டுதாரா?” என்று கேட்டால் எனக்கு முகம் சுருங்கிவிடும். உண்மையில் அவர் ஈ ஓட்டத்தான் செய்வார். வெல்லமும் கருப்பட்டியும் விற்கும் கடையில் அதுவும் ஒரு வேலைதான். மதியம் இரண்டு மணிக்கு, பிஸ்கட் பெட்டியிலிருந்து கிழித்த அட்டைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் வீசிக்கொண்டிருப்பார்.

அந்த இரண்டு மணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு சிறிய கடையில் ஆள் வராத நேரம் யாருக்குச் சொந்தம்? அதைப் ‘பயன்படுத்த வேண்டும்’ என்று சொல்லும்போது நாம் சரியாக எதைச் சொல்கிறோம்? எனக்கு இது தத்துவக் கேள்வியாக வரவில்லை. நான் செய்த ஒரு தவறின் வழியாக வந்தது.

கொரோனா காலத்தில் கம்பெனி எங்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதால் 2020-இல் ஊருக்குத் திரும்பினேன். கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை. அங்கே லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். இடையிடையே கீழே இறங்கி வந்து கடையில் நிற்பேன். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு கடையை முழுநாளும் பார்க்கும் வாய்ப்பு. மென்பொருள்காரனின் கண் வேறு. எதைப் பார்த்தாலும் ‘இதை எப்படிச் சரி பண்ணலாம்’ என்றுதான் பார்க்கும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்தேன். காலை 7 முதல் 10 வரை மணிக்கு நாற்பது பேர் வரை வந்தார்கள். மாலை 5.30-க்கு மேல் அதைவிட அதிகம். மதியம் 1.30 முதல் 4.30 வரை மணிக்கு ஐந்தாறு பேர். சில நாள் அதுவும் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், கடையில் இரண்டு பேர். ஒருவர் அப்பா. இன்னொருவர் எட்டு ஆண்டுகளாகக் கடையில் வேலை செய்யும் அக்கா. ஆறு மனித மணி நேரம் தினமும் வீணாகிறது என்று கணக்குப் போட்டேன். ‘வீண்’ என்ற சொல்லை அப்போது யோசிக்காமல்தான் போட்டேன்.

அடுத்த திங்கள்கிழமை ஒரு அட்டவணை அச்சடித்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினேன். 1.30 முதல் 2 வரை அலமாரி துடைப்பது. 2 முதல் 3 வரை ரவை, பருப்பு, சீனியைக் கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட்டாக எடை போட்டுக் கட்டுவது. 3 முதல் 3.30 வரை காலாவதி தேதி பார்ப்பது. 3.30 முதல் 4.30 வரை வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர்களை எடுத்து வைப்பது. கடைசிப் பத்தியில் எத்தனை பாக்கெட் கட்டினோம் என்று எண்ணிக்கை எழுத இடம் விட்டிருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். அவர் அப்படிச் சொன்னால் அதற்கு எந்தப் பொருளும் இருக்கலாம்.

அட்டவணையால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அது பொய். காலாவதியான பிஸ்கட் பாக்கெட்டுகள் பின்வரிசையில் கிடந்தன, எடுத்தோம். ரவையில் வண்டு விழுவதை முன்னாலேயே கண்டுபிடித்தோம். மாலைக் கூட்டத்தில் எடை போட்டுக் கட்டும் நேரம் மிச்சமானதால் ஆட்கள் சீக்கிரம் சாமான் வாங்கிப் போனார்கள். மளிகைக் கடைகளில் இது புதிதும் அல்ல. நான் சிறுவனாக இருந்தபோது மதியத்தில்தான் பழைய பேப்பரை மடித்துப் பொட்டலம் போடத் தாள் வெட்டுவார்கள், முறத்தில் பருப்பைப் புடைப்பார்கள், பற்று நோட்டில் பாக்கியைக் கூட்டிப் பார்ப்பார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் கை எதையாவது செய்துகொண்டிருப்பது கடைக்காரர்களின் இயல்பு. நான் புதிதாகக் கொண்டுவந்தது வேலையை அல்ல. நேரத்தையும் எண்ணிக்கையையும்.

இரண்டாவது வாரம் அக்கா என்னிடம் கேட்டார்.

“தம்பி, நீங்க மேல ரூம்ல உக்காந்து வேல பாக்கீங்கள்லா, உங்களுக்கும் இப்படி மணி போட்டு எழுதிக் குடுத்துருக்காங்களா?”

“இல்லக்கா. எங்களுக்கு வேலை முடிஞ்சாப் போதும்.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. சீனிப் பாக்கெட்டின் வாயை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டிக்கொண்டே சொன்னார்: “முன்னால தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்தேன். அங்க எண்ணித்தான் கூலி. இங்க எண்ண மாட்டாங்கன்னுதான் வந்தேன்.”

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். அங்கே பெரும்பாலும் செய்த வேலையை எண்ணிக் கூலி. கை நின்றால் காசு நின்றுவிடும். கடை வேலை அப்படி அல்ல. மாதச் சம்பளம். கூட்டத்தில் ஓடியாடி நிற்க வேண்டும், கூட்டம் இல்லாதபோது இருக்க வேண்டும். அந்த ‘இருப்பது’ சம்பளத்தில் சேர்த்தியா, இல்லையா? நான் சேர்த்தி இல்லை என்று முடிவு செய்து அதை வேலையால் நிரப்பியிருந்தேன். யாரையும் கேட்கவில்லை.

இதில் என்னை அதிகம் வெட்கப்பட வைத்த விஷயம் வேறு. எங்கள் வேலையில் ‘ஆன்-கால்’ என்று ஒன்று உண்டு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை என் முறை வரும். அந்த வாரம் முழுக்க, இரவும் பகலும், சர்வரில் ஏதாவது பழுது வந்தால் என் போன் அலறும். பதினைந்து நிமிடத்துக்குள் லேப்டாப் முன்னால் இருக்க வேண்டும். அதற்குத் தனியாகப் படி தருகிறார்கள். நல்ல வாரமாக இருந்தால் போன் ஒருமுறைகூட அடிக்காது. அப்போது யாரும் ‘போன் அடிக்கலையே, படியைத் திருப்பிக் குடு’ என்று கேட்பதில்லை. மாறாக, அமைதியான வாரம் என்று பாராட்டுவார்கள். அந்த வாரத்தில் பெரிய வேலை எதையும் என் தலையில் கட்டக்கூடாது என்பதும் எங்கள் குழுவின் விதி. ஏனென்றால் பழுது வரும்போது நான் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும்.

மாடியில் எனக்கு இந்த விதி தெரியும். பதினேழு படி இறங்கிக் கீழே வந்ததும் மறந்துவிட்டது. காத்திருப்பது நான் செய்தால் பொறுப்பு, அக்கா செய்தால் சோம்பல். ஒரு வேறுபாடுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் சும்மா இருப்பதை யாரும் பார்க்க முடியாது. கடையில் ஒருவர் சும்மா இருப்பது தெருவுக்கே தெரியும்.

காத்திருப்பது வேலையா என்ற கேள்வி நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. 1944-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆர்மர் எதிர் வான்டாக் என்ற வழக்கை விசாரித்தது. சிகாகோவில் ஒரு சோப்புத் தொழிற்சாலையின் தீயணைப்பு ஆட்கள் தொடுத்த வழக்கு. அவர்கள் இரவில் தொழிற்சாலையிலேயே தங்கியிருக்க வேண்டும். கட்டில் உண்டு, ரேடியோ உண்டு, சீட்டாடலாம். தீப்பிடித்தால் மட்டும் ஓட வேண்டும். பெரும்பாலான இரவுகளில் எதுவும் நடக்காது. இந்த நேரத்துக்குக் கூலி உண்டா? உண்டு என்றது நீதிமன்றம். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். ஒன்றும் செய்யாமல் ஏதாவது நடக்கிறதா என்று காத்திருப்பதற்காகவே ஒருவரை வேலைக்கு வைக்கலாம், அப்படி வைத்தால் அந்தக் காத்திருப்புதான் அவர் செய்யும் வேலை என்பது அதன் சாரம். எல்லாக் காத்திருப்பும் வேலை ஆகிவிடாது, ஒவ்வொரு வழக்கின் சூழலையும் பார்க்க வேண்டும் என்றும் அன்றே வழங்கிய இன்னொரு தீர்ப்பில் அவர் சொன்னார். நியாயமான எச்சரிக்கை. ஆனால் கடை விஷயத்தில் எனக்குக் குழப்பம் இல்லை. அக்கா மதியம் வீட்டுக்குப் போய்விட முடியாது. ஆகவே அவர் வேலையில்தான் இருக்கிறார்.

சும்மா இருப்பதை ஆதரித்து எழுதியவர்களில் நமக்கு உடனே நினைவுக்கு வருபவர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். 1932-இல் அவர் எழுதிய சோம்பலைப் புகழும் கட்டுரையை இந்தச் சமயத்தில் மறுபடி வாசித்தேன். வேலை நேரத்தை நாளுக்கு நான்கு மணியாகக் குறைத்தால் மீதி நேரத்தில் மனிதர்கள் மனிதர்களாக வாழலாம் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கடைக்கு உதவாது. ரஸ்ஸல் வேலையை ஒரு பக்கமும் ஓய்வை இன்னொரு பக்கமும் வைத்துப் பேசுகிறார். கடையின் மதியம் இரண்டிலும் சேராது. நம் சித்தர்களும் தாயுமானவரும் சொன்ன ‘சும்மா இருத்தல்’ அதைவிடத் தூரம். அவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னவர்கள். கடைக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

திறந்த கதவின் கணக்கு எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கப்பட்டதுதான். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை செய்த எர்லாங் என்ற கணிதக்காரர் 1909-இல் எழுதிய ஆய்விலிருந்து வரிசைக் கோட்பாடு என்ற துறை தொடங்குகிறது. ஊரில் இத்தனை பேர் எப்போது வேண்டுமானாலும் போன் பேசலாம் என்றால், எத்தனை இணைப்பு வைத்திருக்க வேண்டும்? அதே கேள்வியைக் கடைக்குக் கேட்கலாம். கல்லாவில் ஒருவர். ஒரு ஆளைக் கவனிக்கச் சராசரியாக மூன்று நிமிடம். ஆட்கள் சொல்லிக்கொண்டு வருவதில்லை, தோன்றியபோது வருகிறார்கள். அவர் நேரத்தில் பாதி வேலையால் நிரம்பியிருந்தால், வருபவர் காத்திருந்து வாங்கிப் போக மொத்தம் ஆறு நிமிடம் ஆகும். 80 சதவீதம் நிரம்பினால் பதினைந்து நிமிடம். 90 என்றால் முப்பது. 95 என்றால் ஒரு மணி நேரம். எளிய மாதிரியின் கணக்குதான் இது, நிஜக் கடை இன்னும் சிக்கலானது. ஆனால் திசை மாறாது. கடைக்காரரின் நேரத்தை முழுதும் நிரப்பினால், வருபவரின் நேரம்தான் வீணாகும். ஒருவரின் சும்மா இருப்பதுதான் இன்னொருவருக்கு உடனே கிடைப்பதாக மாறுகிறது.

சர்வரை நாங்கள் ஒருபோதும் நூறு சதவீதம் ஓட விடுவதில்லை. அறுபது, எழுபதைத் தாண்டினாலே பதறி இன்னொன்றைச் சேர்க்கிறோம். இயந்திரத்துக்கு ஓய்வு வேண்டும் என்று புரிந்த எனக்கு, கடைக்குப் புரிய ஒரு சம்பவம் தேவைப்பட்டது.

அட்டவணை ஒட்டி ஒரு மாதம் இருக்கும். மதியம் இரண்டரை. ஆர்டர் நிறைய. நடைபாதை முழுக்கச் சாக்கு. அக்கா துவரம்பருப்பு எடை போட்டுக்கொண்டிருந்தார். நான் ஏணியில். அப்பா காலாவதிப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார். வயதான ஒரு அம்மா படியேறி வந்து நின்றார். வழக்கமாக வருபவர்தான். உள்ளே ஒருமுறை பார்த்தார். நான் “என்னம்மா வேணும்?” என்று ஏணியிலிருந்தே கேட்டேன். “இல்லய்யா, அப்புறம் வாரேன்” என்று இறங்கிப் போய்விட்டார்.

இரவு சாப்பிடும்போது அப்பா அதை எடுத்தார்.

“அந்தம்மா வந்துட்டுத் திரும்பிப் போனதப் பாத்தியா?”

“பாத்தேன்ப்பா. அப்புறம் வாரேன்னாங்க.”

“கையில காசு இல்லாம வந்துருக்காங்க. மாசக் கடைசி. நாலு பேரு இருக்கையில கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் அந்த நேரம்.”

“நீங்க கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே.”

“கூப்பிட்டுக் கேக்குற விஷயமாய்யா அது? நாம சும்மா இருந்தாத்தான் அவங்க வந்து நிப்பாங்க.”

எனக்கு இது தெரியவே தெரியாது. முப்பது ஆண்டுகளாக அந்தக் கடையின் வருமானத்தில் சாப்பிட்டிருக்கிறேன். மதியத்தில் வரும் ஐந்தாறு பேர் ஏன் மதியத்தில் வருகிறார்கள் என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை. என் நோட்டில் அவர்கள் ஒரு எண். அப்பாவின் கணக்கில் அவர்கள் யார் யார் என்று தெரியும். பாக்கியைத் தள்ளிப் போடக் கேட்பவர், பத்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்குபவர், மாமியாருக்குத் தெரியாமல் போன வாரக் கடனை அடைப்பவர், மகனிடமிருந்து வந்த வங்கிக் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்பவர். கூட்ட நேரம் காசு உள்ளவர்களின் நேரம். வெறிச்சோடிய நேரம் கூச்சப்படுபவர்களின் நேரம். அப்பா அட்டைத்துண்டை வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர்களுக்கான அறிவிப்புப் பலகை. நான் அதைக் கழற்றி வைத்துவிட்டு அட்டவணையை மாட்டியிருந்தேன்.

அந்த அம்மா பத்து நாள் கழித்து வந்தார். கையில் காசு வைத்திருந்தார். பழைய பாக்கியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு எங்கள் கடையில் கடன் கேட்டதே இல்லை. வியாபாரக் கணக்கில் இது லாபம். அந்தப் பத்து நாள் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதை எழுதும்போது ஒரு எதிர்வாதம் என் காதில் கேட்கிறது. பத்து நிமிடத்தில் வீட்டுக்கே சாமான் கொண்டுவந்து தரும் காலத்தில், சிறிய கடைக்காரர் மூன்று மணி நேரம் சும்மா இருந்தால் பிழைக்க முடியுமா? நியாயமான கேள்வி. அதனால்தான் அட்டவணையை முழுதும் தூக்கி எறியவில்லை. அதிலிருந்து ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்: மதியத்தில் செய்யும் வேலை, ஆள் வந்தால் பாதியில் கீழே போடக்கூடியதாக இருக்க வேண்டும். பற்று நோட்டைக் கூட்டுவது அப்படிப்பட்டது. ஒரு அலமாரியின் தேதிகளைப் பார்ப்பது அப்படிப்பட்டது. நடைபாதையை அடைத்துச் சாக்கைப் பிரித்துப் போடுவது அப்படிப்பட்டதல்ல. யூனிக்ஸ் கணினிகளில் ‘நைஸ்’ என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு வேலைக்கு அதன் எண்ணை 19 என்று வைத்தால், அது வேறு எல்லா வேலைக்கும் வழிவிட்டு, யாருக்கும் தேவைப்படாத நேரத்தில் மட்டும் ஓடும். நைஸ் என்றால் நல்லவன், மரியாதை தெரிந்தவன். மதிய வேலைக்கு அந்த எண்தான் பொருத்தம். எண்ணிக்கைப் பத்தியை மட்டும் முழுதாக நீக்கினோம்.

இன்னொன்று நாற்காலி. சும்மா இருப்பதும் எல்லோருக்கும் ஒன்றல்ல. உட்கார்ந்து சும்மா இருப்பது வேறு, நின்றுகொண்டு சும்மா இருப்பது வேறு. பெரிய துணிக்கடைகளில் ஆள் இல்லாதபோது பெண்கள் மடித்த சேலையையே பிரித்து மறுபடி மடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேற்பார்வையாளரின் கண்ணுக்கு வேலை போலத் தெரிய வேண்டும் என்பதற்காக. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-இல் ரங்கநாதன் தெருவின் அந்த வாழ்க்கையைத் திரையில் காட்டியது. இங்கிலாந்தில் 1899-லேயே கடையில் மூன்று பெண் ஊழியருக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ அமைப்பின் வழியாகப் போராடி 2018-இல் உட்காரும் உரிமையைப் பெற்றார்கள். தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் வந்தது. உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். வேலைக்கு நடுவே வேலை இல்லாத நேரம் வரும், அது ஊழியரின் குற்றம் அல்ல என்று ஒரு சட்டம் ஒப்புக்கொள்வதாகவே அதை வாசித்தேன்.

செய்தி வந்த அன்று நான் கடையைப் பார்த்தேன். அக்கா எட்டு ஆண்டுகளாகக் கவிழ்த்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்தார். அட்டவணை வந்தபிறகு அதிலும் உட்காரவில்லை. மறுவாரம் முதுகு சாயும் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டோம். முதல் இரண்டு நாள் அவர் அதில் சீனி மூட்டையை வைத்தார். மூன்றாம் நாள் அப்பா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கல்லாவுக்குப் போய்விட்டார்.

நேரம் யாருக்குச் சொந்தம் என்று ஆரம்பத்தில் கேட்டேன். சம்பளம் கொடுப்பவருக்கு என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். இப்போது அந்த மதிய நேரத்துக்கு மூன்று பங்குதாரர்கள் என்று நினைக்கிறேன். முதல் பங்கு, இன்னும் வராதவருக்கு. அவர் வந்தால் எல்லாம் நிற்க வேண்டும். இரண்டாவது, காத்திருப்பவருக்கு. அவர் உட்காரலாம், மகளோடு போனில் பேசலாம், கண்ணயரலாம். முதலாளிக்கு மூன்றாவது பங்குதான், மற்ற இருவரும் விட்டுக்கொடுத்தது போக மீதி.

நான் மறுபடி பெங்களூருக்கு வந்துவிட்டேன். சில நாள் மதியம் இரண்டரைக்கு அப்பாவைப் போனில் கூப்பிடுவேன். “என்னப்பா பண்றீங்க?” என்றால், “சும்மாதான் இருக்கேன்” என்பார். மழை, லாரி வாடகை, பருப்பு விலை என்று பேச்சு ஓடும். திடீரென்று குரல் தாழும். “வைய்யா, ஆள் வந்துருக்கு.” யார் என்று அவர் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.